மூன்று தளம், மூன்று எச்-இண்டெக்ஸ்: விண்ணப்பத்தில் எதைப் போடுவது?

செல்கோடு · திங்கள், இரவு 10:42

அனைவருக்கும் வணக்கம். இரண்டு வாரத்தில் இணைப் பேராசிரியர் வேலை ஒன்றுக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். மருத்துவ உயிர்வேதியியல் துறை. படிவத்தின் ஏழாவது கட்டம் இப்படி இருக்கிறது: "மொத்த சைட்டேஷன் / எச்-இண்டெக்ஸ் / கூட்டு இம்பாக்ட் ஃபேக்டர்". (துறைக்கு வெளியே உள்ளவர்களுக்கு: சைட்டேஷன் என்றால் பிறர் தங்கள் பேப்பரில் நம் பேப்பரைச் சுட்டிக் காட்டுவது. எச்-இண்டெக்ஸ் அதை வைத்து ஆளுக்குப் போடும் ஒரு மதிப்பெண்.) இவற்றை எண்ணித் தரும் தளங்கள் பல. எந்தத் தளத்தில் பார்த்த எண் வேண்டும் என்று ஒரு வார்த்தை கூட இல்லை.

என் எச்-இண்டெக்ஸ் கூகுள் ஸ்காலரில் 14, ஸ்கோபஸில் 11, வெப் ஆஃப் சயின்ஸில் 9. ஒரே ஆள், அதே பேப்பர்கள். லேப் சீனியர், "14ஐப் போடு, யார் உட்கார்ந்து எண்ணப் போகிறார்கள்" என்கிறார். என் மனைவியும் ஆராய்ச்சியில் இருப்பவர்தான். அவர், "ஸ்கோபஸில் சரிபார்த்தால் நீ மூன்று கூட்டிச் சொன்னதாக ஆகிவிடும்" என்கிறார்.

இன்னொரு உறுத்தலும் உண்டு. எனக்கு மொத்தம் 640 சைட்டேஷன். அதில் 212 ஒரே பேப்பருக்கு. பிஎச்டி காலத்தில் ஓர் அளவீட்டு முறையைக் கொஞ்சம் மாற்றி எழுதியது, மூன்று வார வேலை. நான்கு வருடம் வார்டு வார்டாக அலைந்து ரத்த மாதிரி சேர்த்து எழுதிய பேப்பருக்குப் பதினொன்றுதான். இதெல்லாம் ஏழாவது கட்டத்தில் எங்கே தெரியப் போகிறது?

---

நூலக_அணில் · திங்கள், இரவு 11:20

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு வருவார்கள்.

மூன்று எண்ணும் சரிதான். ஒவ்வொரு தளமும் வேறு வேறு வலையை வீசுகிறது, அவ்வளவுதான். வெப் ஆஃப் சயின்ஸ், யூஜின் கார்ஃபீல்ட் 1960களில் தொடங்கிய சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸின் வாரிசு. தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களை மட்டும் எடுக்கும். எல்செவியரின் ஸ்கோபஸ் 2004-ல் வந்தது, அது இன்னும் கொஞ்சம் அகலம். அதே வருடம் வந்த கூகுள் ஸ்காலர் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளும். ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், ப்ரீபிரிண்ட், யாரோ பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிய பிடிஎஃப் எல்லாம் அதற்குக் கணக்கு. அதனால் அங்கே எண் எப்போதும் பெரிதாக இருக்கும்.

பப்மெட்டை நம்பி எண்ண வேண்டாம். அது பேப்பரைத் தேட ஏற்ற இடம். சைட்டேஷன் எண்ணுவது அதன் வேலை அல்ல.

படிவத்தில் எந்த எண்ணைப் போட்டாலும் பக்கத்தில் தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் எழுதுங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஸ்கோபஸில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். நீங்கள் ஒருவராக இருக்கிறீர்களா, இருவராகவா?

---

வெள்ளெலி · திங்கள், இரவு 11:31

இருவராகவா?? அணில் அக்கா, பேய்க்கதை சொல்றீங்களா 🙂

---

நூலக_அணில் · திங்கள், இரவு 11:52

பேய்க்கதைதான் தம்பி. நம் ஊரில் பரம்பரைப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். அந்தத் தளங்களோ எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று நினைத்துக் கட்டியவை. உதாரணத்துக்கு அப்பா சுப்பிரமணியன், பிள்ளை கார்த்திகேயன் என்று வைத்துக்கொள்வோம். முதல் பேப்பரில் 'எஸ். கார்த்திகேயன்' என்று கொடுக்கிறார், 'கார்த்திகேயன் எஸ்' என்று பதிவாகிறது. அப்புறம் பாஸ்போர்ட் எடுக்கிறார். அதில் இனிஷியலை விரித்து 'கார்த்திகேயன் சுப்பிரமணியன்' என்று வருகிறது. வெளிநாட்டு லேபில் அதே பெயர். அடுத்த பேப்பரில் அவர் 'சுப்பிரமணியன் கே' ஆகிவிடுகிறார். அதாவது சைட்டேஷனெல்லாம் அப்பாவுக்குப் போகிறது.

கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய பெண்களின் நிலைமை இன்னும் மோசம். ஒரு மேடத்துக்கு ஸ்கோபஸில் நான்கு அடையாள எண் இருந்தது. சேர்த்துக் கொடுத்த அன்று அவர் எச் 8-லிருந்து 13 ஆனது. ஒரு புது வரி கூட எழுதாமல்!

எதிர்ப்பக்கமும் உண்டு. 'குமார் எஸ்' என்று தேடினால் இந்தியா முழுக்க உள்ள செந்தில்குமார், சுரேஷ்குமார், சதீஷ்குமார் எல்லாரும் ஒரே ஆளாக நிற்பார்கள். கூகுள் ஸ்காலரில் தானாகச் சேர்க்கும் வசதியைப் போட்டுவிட்டு மறந்தால், ஒரு நாள் உங்கள் பட்டியலில் கான்கிரீட் பற்றிய பேப்பர் இருக்கும். மருத்துவர் ஒருவர் பெயரில் அப்படி இருந்ததை நானே நீக்கியிருக்கிறேன். ஆர்சிட் எண் வாங்கிக்கொள்ளுங்கள். பதினாறு இலக்கம், இலவசம், 2012-லிருந்து இருக்கிறது. பெயர் எப்படி மாறினாலும் அந்த எண் மாறாது.

---

வெள்ளெலி · செவ்வாய், காலை 7:05

சரி, தெரியாமல் கேட்கிறேன், யாரும் சிரிக்கக்கூடாது. எச்-இண்டெக்ஸை எப்படிக் கணக்குப் போடுவது? எல்லா மீட்டிங்கிலும் தலையாட்டிக்கொண்டே இருக்கிறேன்.

---

எண்ணும்_எழுத்தும் · செவ்வாய், காலை 8:40

உயிரிப் புள்ளியியல் என் தொழில், நான் சொல்கிறேன்.

பேப்பர்களை சைட்டேஷன் அதிகமானதிலிருந்து வரிசையாக வையுங்கள்: 120, 45, 30, 12, 9, 6, 6, 2, 1. மேலிருந்து இறங்குங்கள். ஆறாவது பேப்பருக்குக் குறைந்தது ஆறு சைட்டேஷன் இருக்க வேண்டும், இருக்கிறது. ஏழாவதுக்கு ஏழு வேண்டும், ஆறுதான் இருக்கிறது. அங்கே நிற்கிறோம். எச் = 6.

முதல் பேப்பரின் 120-ஐ அழித்துவிட்டு 12,000 என்று எழுதுங்கள். எச் அப்போதும் 6தான். அதுதான் அதன் குணம், குறையும் அதுவே. ஒரே ஒரு பேப்பரால் ஊதிக் காட்ட முடியாது. அதே போல, உலகத்தையே மாற்றிய ஒரு பேப்பர் இருந்தாலும் அதற்குத் தெரியாது. அது ஏறும், இறங்கவே இறங்காது. ஆள் ஓய்வு பெற்றாலும் ஏறும், செத்துப்போனாலும் ஏறும்.

இதைக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ், சான் டியேகோவில் இயற்பியல் பேராசிரியர், 2005-ல். இயற்பியல் ஆட்களை மனதில் வைத்துத்தான் எழுதினார். நல்ல பல்கலைக்கழகத்தில் வேலை நிரந்தரமாக 12 அளவுக்கு இருக்கலாம், முழுப் பேராசிரியருக்கு 18 அளவு என்றெல்லாம் ஒரு கைக்கணக்குக் கொடுத்தார். ஆனால் அதே கட்டுரையிலேயே துறைக்குத் துறை எவ்வளவு வித்தியாசம் என்றும் காட்டியிருந்தார். இயற்பியலில் உச்சத்தில் எட்வர்ட் விட்டன், 110. உயிர் அறிவியலில் சாலமன் ஸ்னைடர், 191. ஸ்னைடர் ஒன்றேமுக்கால் மடங்கு பெரிய விஞ்ஞானி என்று அதற்குப் பொருளா? மருத்துவ உயிரியலில் ஆட்கள் அதிகம், பேப்பர்கள் அதிகம், ஒவ்வொரு பேப்பரின் கடைசியிலும் தொங்கும் பட்டியலும் நீளம். மழை அதிகம் பெய்கிற ஊரில் எல்லார் வீட்டுத் தொட்டியும்தான் நிரம்பும்.

உயிரியலுக்குள்ளேயே இதே கதைதான். புற்றுநோய் பார்ப்பவரையும் ஒட்டுண்ணிப் புழு வகைப்பாடு பார்ப்பவரையும் ஒரே எச்-ஆல் அளக்க முடியாது. ஹிர்ஷே 2020-ல், இந்த எண்ணால் தீங்கும் விளையலாம் என்று வருத்தத்தோடு எழுதினார்.

---

பழைய_பேராசிரியர் · செவ்வாய், மதியம் 2:15

நுண்ணுயிரியல் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். தேர்வுக் குழுக்களில் அந்தப் பக்க நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த 'கூட்டு இம்பாக்ட் ஃபேக்டர்'. இது ஒரு விசித்திரம். இம்பாக்ட் ஃபேக்டர் ஆய்விதழுக்கு உரிய எண். கடந்த இரண்டு வருடத்தில் அந்த இதழ் வெளியிட்டவற்றுக்கு இந்த வருடம் எத்தனை சைட்டேஷன் வந்ததோ, அதை அந்த இரண்டு வருடக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. நூலகத்துக்கு எந்த இதழை வாங்குவது என்று முடிவு செய்ய உதவும் சராசரி. அதை ஆளுக்கு ஆள் கூட்டிக் கொடுப்பது, நாம் குடியிருந்த தெருக்களின் நில மதிப்பையெல்லாம் கூட்டி நம் சொத்து என்று காட்டுவது போல.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு கதை. ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ என்று ஒரு படிகவியல் இதழ். இம்பாக்ட் ஃபேக்டர் 2 சொச்சம். 2009-ல் திடீரென்று 49.9. நேச்சர் இதழையே தாண்டியது. காரணம் ஒரே ஒரு கட்டுரை. ஜார்ஜ் ஷெல்ட்ரிக் தன் ஷெல்எக்ஸ் மென்பொருளின் வரலாற்றை 2008-ல் அங்கே எழுதினார், மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் எல்லாம் அதை சைட் செய்தார்கள். அந்த வருடம் அதே இதழில் வேறு ஏதோ எழுதியவரும் 'என் பேப்பர் ஐம்பது இம்பாக்ட் ஃபேக்டர் இதழில்' என்று விண்ணப்பத்தில் போட்டுக்கொள்ளலாமே! நேச்சர், சயின்ஸிலேயே கட்டுரைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று அந்த இதழின் சராசரியைத் தொடுவதில்லை.

அமெரிக்க செல் உயிரியலாளர் சங்கக் கூட்டத்தில் 2012-ல் பேசி முடிவெடுத்து வந்த சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம், டோரா என்பார்கள், இதைத்தான் முதலில் சொன்னது. ஆளை எடைபோட இதழின் எண்ணைப் பயன்படுத்தாதே என்று. பல நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டன. படிவம் மட்டும் மாறவில்லை.

தம்பி செல்கோடு, இதைப் படித்துவிட்டு வீரமாக அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள். காலியாக இருந்தால் விண்ணப்பம் கிளார்க் மேசையிலேயே நின்றுவிடும். கூட்டிப் போடுங்கள்.

---

கோவை_கிளினிக் · செவ்வாய், மாலை 6:48

எல்லாரும் எண்ணைத் திட்டுகிறீர்கள். நான் கொஞ்சம் மறுபக்கம் பேசுகிறேன்.

பல வருடம் முன் ஒரு நேர்காணலுக்குப் போனேன். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. என்னிடம் 16 பேப்பர், அதில் ஒன்பதில் நான் முதல் பெயர். வேலை கிடைத்தவரிடம் இரண்டு. காரணம் கேட்டால் 'ஒட்டுமொத்தத் தகுதி' என்றார்கள். அவருடைய மாமா யார் என்று அப்புறம்தான் தெரிந்தது.

எண் முட்டாள்தனமானதுதான். ஆனால் எண்ணை வைத்து ஆர்டிஐ போட்டுக் கேட்கலாம். 'ஆய்வின் தரத்தை ஆழ்ந்து வாசித்து மதிப்பிட்டோம்' என்று எழுதிக் கொடுத்தால் எதை வைத்து நான் கேட்பது? வாசித்தே மதிப்பிட வேண்டும் என்பதெல்லாம் நாணயமான குழுவுக்குப் பொருந்தும். சிபாரிசு ஓடுகிற இடத்தில் எச்-இண்டெக்ஸ்தான் ஏழைக்குக் கிடைத்த கைத்தடி.

---

வெள்ளெலி · செவ்வாய், மாலை 6:55

மேடம் 👏👏

---

பழைய_பேராசிரியர் · செவ்வாய், இரவு 9:10

மேடம் சொல்வதை மறுக்க எனக்கு வாயில்லை. அப்படிப்பட்ட குழுவில் நானும் ஒரு முறை உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது பற்றி இன்றைக்கும் உறுத்தல் உண்டு.

ஆனால் கைத்தடியையும் அவர்களே பிடுங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் நான் பார்த்தது. எண்தான் எல்லாம் என்று ஆனதும், மாமா உள்ளவர் மாமாவின் துறையிலிருந்து வரும் எல்லாப் பேப்பரிலும் பெயரைப் போட்டுக்கொள்கிறார். வார்டுக்கே வராதவருக்கு வருடம் பன்னிரண்டு பேப்பர்.

பழைய மருத்துவக் கவுன்சில் 2015-ல் பதவி உயர்வுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. முதல் பெயர், இரண்டாவது பெயர் மட்டும்தான் செல்லும். இணையத்தில் மட்டும் வரும் இதழ்கள் செல்லாது. அப்படிப் பார்த்தால் பிளாஸ் மெடிசின் மாதிரி பெயர் பெற்ற இணைய இதழில் எழுதியவருக்குப் பூஜ்யம்! இரண்டு பெயருக்கு மேல் செல்லாது என்றதும் மூன்றாவதாக உழைத்தவர் கதி என்ன? இப்போதைய தேசிய மருத்துவ ஆணையம் 2022 விதியில் முதல் மூன்று பெயர் அல்லது கரஸ்பாண்டிங் ஆதர் (பேப்பர் பற்றிய தொடர்புக்குப் பொறுப்பானவர்) என்று தளர்த்தியது. கணக்கு மாறியதும் துறைகளில் பெயர் வரிசையும் மாறிவிட்டது. ஆய்வு செய்த விதம் மட்டும் அப்படியே.

---

எண்ணும்_எழுத்தும் · செவ்வாய், இரவு 10:02

பெயர் வரிசை என்றதும் ஒன்று. நம் துறையில் முதல் பெயர் கையால் வேலை செய்தவர், கடைசிப் பெயர் லேப் தலைவர், நடுவில் இருப்பவர்கள் கடவுளுக்குத்தான் வெளிச்சம். எச்-இண்டெக்ஸுக்கு இந்த மூன்றும் ஒன்றே. 2021-ல் கோவிட் காலத்து அறுவைச் சிகிச்சை பற்றி ஒரு பேப்பர் வந்தது, ஆசிரியர்கள் 15,025 பேர். கின்னஸ் சாதனை. அதன் ஒவ்வொரு சைட்டேஷனும் 15,025 பேர் கணக்கிலும் முழுதாக ஒன்று ஏறும். வகுப்பது கிடையாது. உழைத்தவர்களைக் குறை சொல்லவில்லை, நோயாளி விவரம் சேர்ப்பது லேசான வேலை அல்ல. ஆனால் உங்கள் பட்டியலில் அப்படி ஒன்றிரண்டு இருந்தால் தனியாகக் குறிப்பிடுவதுதான் மரியாதை.

சுய சைட்டேஷனையும் பாருங்கள். ஒருவர் தன் முந்தைய வேலையைத் தொடும்போது அதைக் குறிப்பிடாமல் எப்படி எழுதுவார்? பத்து, பதினைந்து சதவீதம் இருந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன். 2019-ல் ஜான் அயோனிடிஸ் குழு வெளியிட்ட தரவில், தங்கள் சைட்டேஷனில் பாதிக்கு மேல் தங்களிடமிருந்தோ கூட எழுதியவர்களிடமிருந்தோ வாங்கியவர்கள் குறைந்தது 250 பேர் இருந்தார்கள். அதே தரவுத்தளத்தின் வழித்தோன்றல்தான் வருடா வருடம் நம் ஊர்க் கல்லூரி வாசலில் ஃபிளக்ஸ் ஆகிறதே, 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி'. அந்தப் பட்டியலிலேயே சுய சைட்டேஷன் சதவீதம் தனிப் பத்தியாக இருக்கிறது. ஃபிளக்ஸில் அந்தப் பத்தி மட்டும் வருவதில்லை.

---

பெதஸ்டா_போஸ்ட்டாக் · புதன், அதிகாலை 4:30

(இங்கே இன்னும் செவ்வாய் சாயங்காலம்.)

இரண்டு விஷயம் சொல்கிறேன். முதலாவது ஐசைட். என்ஐஎச், அதாவது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், நடத்துகிற இலவசத் தளம். உங்கள் பேப்பர்களுக்கு பப்மெட் கொடுத்த பிஎம்ஐடி எண்களை ஒட்டினால் போதும். ரிலேட்டிவ் சைட்டேஷன் ரேஷியோ, ஆர்சிஆர் என்று ஒன்று தரும். அது துறையை இதழின் பெயரை வைத்துத் தீர்மானிப்பதில்லை. உங்கள் பேப்பரை சைட் செய்தவர்கள் அதோடு சேர்த்து வேறு எவற்றையெல்லாம் சைட் செய்தார்களோ, அவைதான் உங்கள் அக்கம்பக்கம். அந்த அக்கம்பக்கத்தில் வருடத்துக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம், உங்களுக்கு எவ்வளவு வந்தது என்று வகுக்கிறது. 1.0 என்றால் என்ஐஎச் பணத்தில் வந்த பேப்பர்களின் நடுமட்டம். புழு வகைப்பாடு செய்பவரைப் புற்றுநோய்க்காரரோடு ஒப்பிடும் கொடுமை இதில் கொஞ்சம் குறையும். 2016-ல் பிளாஸ் பயாலஜியில் வழிமுறையை வெளியிட்டார்கள்.

இன்னொரு பத்தியும் உண்டு: எத்தனை மருத்துவப் பரிசோதனைக் கட்டுரைகளும் சிகிச்சை வழிகாட்டிகளும் உங்களை சைட் செய்தன என்று. செல்கோடு, உங்கள் ரத்த மாதிரிப் பேப்பரை அதில் போட்டுப் பாருங்கள். பதினொன்றும் எங்கிருந்து வந்தன என்று தெரியும். குறையும் உண்டு: பப்மெட்டுக்குள் இல்லாதது அதற்கு இல்லவே இல்லை. துறைகளுக்கு நடுவில் நிற்கும் பேப்பர் தவறான அக்கம்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, இங்கே நிதி கேட்கும்போது கொடுக்கும் பயோஸ்கெட்ச், அதாவது தன்விவரக் குறிப்பு. 2015-லிருந்து அதில் 'அறிவியலுக்கு என் பங்களிப்பு' என்று ஐந்து வரை எழுதச் சொன்னார்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு பேப்பர் வரை. என்ன கேள்வி, என்ன கண்டேன், அதில் நான் செய்தது எது. எச்-இண்டெக்ஸ் போட இடமே இல்லை. நீங்களும் அப்படி ஒரு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள். ஏழாவது கட்டம் பேசாததை அது பேசும்.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். காதலின் கரிகோவை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1995-ல் பதவி இறக்கினார்கள், மானியம் வரவில்லை என்று. அவரும் ட்ரூ வைஸ்மனும் எம்ஆர்என்ஏ-வில் நியூக்ளியோசைடை மாற்றிய, பிற்பாடு கோவிட் தடுப்பூசிக்கு அடித்தளமான பேப்பர் 2005-ல் இம்யூனிட்டி இதழில் வந்தது. அதற்கு முன் நேச்சர் திருப்பி அனுப்பியிருந்தது. 2023-ல் நோபல். 1995-ல் எந்த எண்ணைப் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

---

பழைய_பேராசிரியர் · புதன், காலை 10:25

கரிகோ அம்மாவாவது இருந்து பார்த்தார். கல்கத்தாவின் சம்புநாத் டே பார்க்கவில்லை.

எங்கள் துறைக்காரர் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காலராவுக்குக் காரணம் கிருமி சுரக்கும் ஒரு நச்சு என்று ராபர்ட் கோக் 1884-லேயே ஊகித்தார். யாராலும் நிரூபிக்க முடியவில்லை. டே கல்கத்தாவில், வசதி குறைந்த ஆய்வகத்தில், முயலின் குடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் கட்டி, கிருமியை முழுக்க வடிகட்டிய திரவத்தை மட்டும் உள்ளே செலுத்தினார். குடல் துண்டு நீர் கோத்து வீங்கியது. கிருமி இல்லை, நச்சு மட்டும். 1959-ல் நேச்சரில் சிறிய கட்டுரையாக வந்தது. வந்து பல வருடம் ஏறக்குறைய யாரும் சீண்டவில்லை. உயிரோடு இருந்தவரை இந்திய அறிவியல் கழகம் எதுவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் டேயின் பெயரை நோபலுக்கே பரிந்துரைத்திருக்கிறார். டே 1985-ல் காலமானார்.

அடுத்த வருடம், 1986-ல், காலரா ஆராய்ச்சியின் சைட்டேஷன் வரைபடத்தைப் போட்டு, அதன் நடுவில் டேயின் கட்டுரை நிற்கிறது என்று எழுதிக் காட்டியவர் யார் தெரியுமா? சாட்சாத் யூஜின் கார்ஃபீல்ட். சைட்டேஷன் எண்ணுவதைத் தொழிலாக்கிய அதே மனிதர். ஆகவே எண்ணுவது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணித்தான் டே வெளிச்சத்துக்கு வந்தார். இருபத்தேழு வருடம் கழித்து.

செல்கோடு தம்பியின் 212-க்கும் ஒரு வார்த்தை. அளவீட்டு முறைப் பேப்பர் என்று கூச்சப்படாதீர்கள். உலகத்திலேயே அதிகம் சைட் செய்யப்பட்ட பேப்பர் ஆலிவர் லௌரி 1951-ல் எழுதியது, புரதத்தை அளக்கும் முறை. மூன்று லட்சத்தைத் தாண்டியது. அது அப்படியொன்றும் பெரிய பேப்பர் இல்லை என்று அவரே சொன்னார். முதல் நூறு பேப்பர்களை நேச்சர் 2014-ல் பட்டியலிட்டபோது பெரும்பாலும் முறைகளும் மென்பொருளும்தான் இருந்தன, வாட்சன்–கிரிக் டிஎன்ஏ பேப்பர் அதில் இல்லை. நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் ஹார்வர்டில் ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1925-ல் கொடுத்த பாஸ்பரஸ் முறை தலைமுறை தலைமுறையாக ஆய்வகங்களில் ஓடியது. நானே மாணவனாக நீல நிறம் வருகிறதா என்று கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

---

கோவை_கிளினிக் · புதன், மதியம் 1:12

சார், இதைத்தான் நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் 🙂 எண்ணலாம். ஆனால் எண்ணியதைத் திறந்தும் பார்க்க வேண்டும்.

சைட்டேஷன் என்றாலே பாராட்டு என்று நினைப்பவர்களுக்கு: தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998 லான்செட் பேப்பர், பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதியது, 2010-ல் திரும்பப் பெற்றார்கள். அதற்கு ஆயிரக்கணக்கில் சைட்டேஷன். பெரும்பாலும் திட்டித் தீர்ப்பவை. கூட்டலில் திட்டும் ஒன்று, புகழும் ஒன்று. 2020-ல் ஹைட்ராக்சிகுளோரோகுவின் பற்றிய லான்செட் பேப்பர் மே 22-ல் வந்து ஜூன் 4-ல் வாபஸ். அப்புறமும் சைட் செய்துகொண்டேதான் இருந்தார்கள்.

மருத்துவராக எனக்கு நெருக்கமான ஒன்று. சென்னை சேத்துப்பட்டு காசநோய் மையம் 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வெளியிட்ட ஆய்வு. காசநோய்க்காரரை சானடோரியத்தில் வைத்தாலும் வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான், வீட்டில் உள்ளவர்களுக்கும் கூடுதல் ஆபத்து இல்லை என்றது. அதற்கப்புறம்தான் உலகம் முழுக்க வீட்டுச் சிகிச்சை வழக்கமானது. இன்று என் நோயாளிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது நான் அதை சைட் செய்கிறேனா? பேருந்து பிடிக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஒரு பேப்பர் அந்த அளவுக்கு வழக்கத்தில் கரைந்துவிட்டால் அதற்கு மேல் அதற்கு சைட்டேஷன் வராது.

---

செல்கோடு · வெள்ளி, இரவு 11:37

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் இதிலேயே கிடந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

அணில் மேடம் சொன்னது பலித்தது. ஸ்கோபஸில் நான் இரண்டு பேர். இரண்டாமவர் என் அப்பா பெயரில் நான்கு பேப்பர் வைத்திருந்தார். சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்தேன், சேர்த்துவிட்டார்கள். 11 இப்போது 12. அப்பாவிடம் சொன்னேன். "என் பேர்ல இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே" என்றார்.

கூகுள் ஸ்காலரில் என்னுடையது அல்லாத இரண்டு, ஒரே பேப்பரின் இரட்டைப் பதிவு ஒன்று. நீக்கியதும் 14 என்பது 13 ஆனது.

அப்புறம் அந்த 212-ஐத் திறந்தேன். எல்லாவற்றையும் படிக்கவில்லை, ஐம்பதைப் படித்தேன். நாற்பத்திரண்டில் ஒரே வாக்கியம்: 'முன்பு விவரித்த முறைப்படி அளக்கப்பட்டது'. ஆறில் என் முறை அவர்களுக்குச் சரியாக வரவில்லை, இன்ன மாற்றம் செய்தோம் என்று இருந்தது. அதில் ஒருவர் சொன்ன மாற்றம் உண்மையிலேயே நல்லது. நாளைக்கே லேபில் செய்து பார்க்கப் போகிறேன். மீதி இரண்டில் என் பேப்பர் ஏன் இருக்கிறது என்றே புரியவில்லை.

பதினொன்றையும் திறந்தேன். நான்கு நானும் என் லேபும். மூன்றில் ஒன்பது பேப்பர்களோடு சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் நிற்கிறேன். இரண்டு ரிவ்யூ. ஒன்று சிகிச்சை வழிகாட்டி, ஐசைட் காட்டித்தான் தெரிந்தது, ஒரு அட்டவணையின் அடியில் எங்கள் அளவு வரம்பை எடுத்திருக்கிறார்கள். கடைசி ஒன்று வேறு நாட்டுக் குழு, தங்கள் நோயாளிகளிடம் அதே அளவீட்டைத் திரும்பச் செய்து அதே போக்கு வந்தது என்று இரண்டு பத்தி எழுதியிருக்கிறார்கள். வெளியாகி ஒன்றரை வருடம் ஆகிறது. எனக்குத் தெரியவே தெரியாது. இரவு பன்னிரண்டு மணிக்கு மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

ஏழாவது கட்டத்தில் ஸ்கோபஸ் 12 என்று தேதியோடு போட்டேன். கூட்டு இம்பாக்ட் ஃபேக்டரையும் கூட்டிப் போட்டுவிட்டேன் சார், கிளார்க்குக்குப் பயந்து. போஸ்ட்டாக் அண்ணா சொன்ன மாதிரி ஒரு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். மூன்று பங்களிப்பு. ரத்த மாதிரிப் பேப்பர்தான் முதலாவது, அதன் கீழே அந்த வெளிநாட்டுப் பேப்பரின் பிஎம்ஐடியும் கொடுத்திருக்கிறேன்.

---

கோவை_கிளினிக் · சனி, காலை 6:20

எந்த வேலையை யார் செய்தது என்றும் எழுதினீர்களா? வார்டில் மாதிரி எடுத்த நர்ஸ், டெக்னீஷியன் பெயர் நன்றியுரையிலாவது இருக்கிறதா?

---

செல்கோடு · சனி, காலை 7:02

டெக்னீஷியன் மூன்றாவது பெயர் மேடம். நர்ஸ் இருவர் நன்றியுரையில். இப்போது யோசித்தால் அவர்களில் ஒருவர் பெயரும் மேலே இருந்திருக்க வேண்டும் என்று படுகிறது.

---

வெள்ளெலி · சனி, காலை 9:44

இதையெல்லாம் படித்துவிட்டு நானும் என் ப்ரொஃபைலைத் திறந்தேன். எச்-இண்டெக்ஸ் 1. மொத்த சைட்டேஷன் 1. அந்த ஒன்றும் எங்கள் சார் அவருடைய பேப்பரில் செய்தது.

---

நூலக_அணில் · சனி, காலை 10:15

திறந்து பார்த்தாயா, என்ன எழுதியிருக்கிறார்?

---

வெள்ளெலி · சனி, காலை 10:21

'முன்பு விவரித்த முறைப்படி'.